புற்றுநோயாளிக்கு உணவு உதவி: மளிகைக் கடையால் ஆகும் காரியம்



நம் சங்க இதழில் வரி, உரிமம், எடை முத்திரை, விலைவாசி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதி வருகிறார்கள். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு நோயைப் பற்றிய விஷயம். நோய் என்றாலும் இதுவும் பருப்பு, எண்ணெய், பால், முட்டை பற்றிய பேச்சுதான். புற்றுநோய் வந்தவர் என்ன சாப்பிட வேண்டும், அதை வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு வியாபாரிகளாகிய நாம் எந்த முறையில் உதவினால் அது பயன்படும் என்பதே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறோம். நாம் டாக்டர் இல்லை. கீழே தரும் கணக்குகள் பொதுவானவை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவை உடன் இருந்தால் கணக்கு மாறும். சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையின் டாக்டரும் உணவு ஆலோசகரும் சொல்வதே முடிவு.

சிட்டையில் தெரியும் நோய்

ஒரு வீட்டில் பெரிய நோய் புகுந்துவிட்டால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும் முன்பே மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். மாதச் சாமான் சிட்டை சுருங்கும். முதலில் நெய் போகும். அடுத்து முந்திரி, திராட்சை, பால் பவுடர் போகும். பிறகு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் அரை லிட்டராகும். துவரம்பருப்பு இரண்டு கிலோ இருந்த இடத்தில் அரைக் கிலோ எழுதுவார்கள். கடைசியில் அரிசி, புளி, மிளகாய், உப்பு மட்டும் நிற்கும். ஸ்கேன், மருந்து, பஸ் செலவு, கூலி வேலைக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் சேர்ந்து சாமான் சிட்டையைத்தான் முதலில் அறுக்கின்றன.

இதில் வருந்த வேண்டியது என்னவென்றால், அறுபடும் சாமான்கள்தான் நோயாளிக்கு அதிகம் தேவைப்படுபவை. மிஞ்சி நிற்கும் சாமான்களை வைத்துக்கொண்டு அந்த உடம்பு சிகிச்சையைத் தாங்காது.

சாப்பாடும் சிகிச்சையில் சேர்த்தி

புற்றுநோய் உடம்பைக் கரைக்கும் நோய். பசி மந்தமாகும். சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. கொழுப்பு மட்டுமன்றிச் சதையும் கரையும். இதோடு சிகிச்சையின் தொல்லைகளும் சேரும். மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, வாய்ப்புண், நாக்கில் உலோகம் பட்டது போன்ற ருசி, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் வரலாம். வாயிலும் தொண்டையிலும் கதிர் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு எச்சில் வற்றும், விழுங்க முடியாது. சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

உடம்பு மிகவும் இளைத்துப் போனால் மருந்தின் அளவைக் குறைக்க நேரும், அல்லது அடுத்த தவணையைத் தள்ளிப் போட நேரும். அறுவை சிகிச்சை செய்த புண் ஆறத் தாமதமாகும். தொற்று நோய் எளிதில் பிடிக்கும். நல்ல டாக்டரும் நல்ல மருந்தும் கிடைத்தும் சாப்பாடு இல்லாத காரணத்தால் சிகிச்சை பாதியில் நின்றால், அதற்கு முன் செலவிட்ட பணமும் பட்ட பாடும் வீணாகின்றன.

இளைப்பதை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அல்லது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 10 பங்கு எடை குறைந்தால் அது கவலைப்பட வேண்டிய குறைவு. 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் லாரிக்காரரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறவர்கள் நாம். நம் கடைத் தராசு நோயாளிக்கும் வாரம் ஒரு முறை உதவட்டும்.

எவ்வளவு வேண்டும்?

புற்றுநோயாளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி சக்தியும், 1 முதல் 1½ கிராம் புரதமும் ஆகும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் என்று வரும்.

இதை நம் சரக்குக் கணக்கில் பார்ப்போம். அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 7 கிராம் புரதம்தான் உண்டு. அரிசியை மட்டும் நம்பினால் 50 கிராம் புரதம் சேர நாளொன்றுக்கு 700 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட வேண்டும். கூலி வேலை செய்யும் திடகாத்திரமான ஆளுக்கே அது கஷ்டம். வாய்ப்புண் உள்ளவர் என்ன செய்வார்? ஆகவே, ஏழை நோயாளிக்கு ஒரு சிப்பம் அரிசி கொடுத்துவிட்டால் உதவி முடிந்தது என்று நினைப்பது கணக்குக்கு ஒத்து வராது.

பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவிலும், நிலக்கடலையில் 25 கிராம் அளவிலும் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். எனவே ஒரு நாளைக்கு அரிசி 150 கிராம், பருப்பு 75 கிராம், பால் அரை லிட்டர், முட்டை இரண்டு, நிலக்கடலை 25 கிராம், எண்ணெய் 20 கிராம் என்று வைத்தால் சுமார் 1,500 கலோரியும் 60 கிராம் புரதமும் கிடைத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அதற்குப் பதிலாகச் சோயா உருண்டை 25 கிராம், அல்லது பொட்டுக்கடலை 50 கிராம் கூட்டிக் கொள்ளலாம். காய், கீரை, பழம் இவற்றுக்கு மேல்.

மாதக் கணக்காகப் பார்த்தால் அரிசி 4½ கிலோ, பருப்பு 2¼ கிலோ, பால் 15 லிட்டர், முட்டை 60, கடலை முக்கால் கிலோ, எண்ணெய் 600 கிராம். இதற்கு இன்றைய விலையை நாம் எழுதத் தேவையில்லை. படிக்கும்போதே உங்கள் மனம் போட்டு முடித்திருக்கும். மொத்த விலையில் பார்த்தால் இது ஒரு நடுத்தரக் கடைக்குத் தாங்காத தொகை அல்ல.

இத்தனையையும் மூன்று வேளையில் சாப்பிட அவரால் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு ஏழு வேளையாகக் கொடுக்க வேண்டும். குமட்டல் இருந்தால் வாசனை தூக்காத ஆறின ஆகாரமும், ரஸ்க், பொரி போன்ற உலர்ந்த பண்டமும் இறங்கும். வாய்ப்புண் இருந்தால் மிளகாய், புளி, ஊறுகாய் ஆகாது. குழைந்த பருப்புச் சாதம், பாசிப்பருப்புக் கஞ்சி, ரவைக் கஞ்சி, பால் கலந்த கேழ்வரகுக் கூழ் ஏற்கும்.

சத்துமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவில் அடைத்த புரதப் பவுடரை வாங்கியே ஆக வேண்டும் என்று நினைத்துக் கடன் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கத்தான் வேண்டும். எழுதிக் கொடுக்காத நிலையில் வீட்டுச் சத்துமாவு கைகொடுக்கும். குன்னூரில் 1918ல் சிறிய ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சத்துக் குறைந்த குழந்தைகளுக்கென்று ஒரு கலவையைச் சொல்லியிருக்கிறது. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். ஆக 86 கிராமில் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உள்ளன. நான்கு சரக்கும் எந்தச் சிறு கடையிலும் இருப்பவை.

பத்தியம் என்ற பெயரில்

வாங்க முடியாமல் நிற்பது ஒரு பக்கம். வாங்கி வைத்தும் கொடுக்காமல் நிற்பது மறு பக்கம். முட்டை சூடு, பால் சளி, பருப்பு வாயு, கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் வெறும் அரிசிக் கஞ்சியில் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பு சாப்பிட்டால் கட்டி வளரும், பட்டினி போட்டால் கட்டி சாகும் என்ற பேச்சும் பரவியிருக்கிறது. பட்டினி போட்டால் கட்டிக்கு முன்னால் ஆள்தான் மெலிவார். அன்பினால் செய்கிற பத்தியம் என்பதால் கடிந்து பேசுவதில் பயனில்லை. "ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்திருப்பார்களே, அதைக் கொண்டு வாங்க அம்மா, அதில் உள்ளதைப் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல வீடுகளில் அந்தச் சீட்டு மருந்துப் பையின் அடியில் மடித்தபடியே கிடக்கும்.

உதவி எங்கே நின்றுவிடுகிறது?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காப்பீட்டுத் திட்டங்களில் சிகிச்சைக்கு வழி உண்டு. உள்நோயாளியாகப் படுத்திருக்கும் நாட்களில் அரசு மருத்துவமனையில் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் இன்றைய புற்றுநோய் சிகிச்சையில் பெரும்பகுதி வந்து போகும் சிகிச்சை. கதிர் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் வரை ஆகும். மருந்து ஏற்றுவது பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பல மாதங்கள் நடக்கும். இந்தக் காலம் முழுவதும் வெளியூர்க்காரர்கள் மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்தோ, சத்திரத்திலோ, சொந்தக்காரர் வீட்டிலோ தங்கியிருப்பார்கள். அந்த நாட்களின் சாப்பாடு எந்தக் கணக்கிலும் வராது.

ரேஷன் கடையில் விலையில்லா அரிசி உண்டு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு மாதம் ஒன்று வீதம் தருகிறார்கள். மேலே போட்ட கணக்கில் ஒரு நோயாளிக்கு மட்டுமே பருப்பு 2¼ கிலோ வேண்டும். ரேஷன் பருப்பு ஒரு கிலோவில் வீடு முழுவதும் பங்கு கேட்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கேப்சிடபின் போன்ற சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து கைரேகை மங்கிப் போவதுண்டு. இயந்திரத்தில் ரேகை விழாது. அட்டையில் பெயருள்ள வேறொருவரை அனுப்பும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

காசநோய்க்கு 2018 முதல் மத்திய அரசு ஊட்டச்சத்துக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக்கியிருக்கிறது. 2022 முதல் தனியாரும் வியாபாரிகளும் காசநோயாளிகளுக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கும் ஏற்பாடும் நடக்கிறது. நம் உறுப்பினர்களிலும் சிலர் கொடுத்து வரலாம். சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. காசநோய் வேறு, புற்றுநோய் வேறு. ஆனாலும் மருந்தோடு மளிகையும் சேர்ந்து போக வேண்டும் என்பதற்கு இது நம் நாட்டிலேயே கிடைத்த சாட்சி. புற்றுநோயாளிகளுக்கு இத்தகைய நாடு தழுவிய உணவு உதவி இல்லை. குழந்தைகளுக்கு மட்டும், 2013ல் மும்பையில் தொடங்கிய கடில்ஸ் பவுண்டேஷன் போன்ற அறக்கட்டளைகள் மருத்துவமனைகளோடு சேர்ந்து சத்துணவு வழங்கி வருகின்றன.

பொட்டலமா, சீட்டா?

உதவுவது என்று முடிவு செய்தால் எந்த வகையில் உதவுவது? சமைத்துப் போடலாம். பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். கடையில் வாங்கிக்கொள்ளச் சீட்டு கொடுக்கலாம். இதில் எது மேல் என்பதை அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2022ல் வெளியான அந்த ஆய்வில், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடுள்ள 117 புற்றுநோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆறு மாதம் உதவினார்கள். முதல் பிரிவினர் மருத்துவமனையிலேயே வைத்திருந்த உணவுப் பண்டகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பிரிவினருக்குப் பண்டகத்தோடு கடையில் வாங்கிக்கொள்ளச் சீட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பண்டகத்தோடு மளிகையை வீட்டுக்கே அனுப்பினார்கள். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 78 பேர், வீட்டுக்கு அனுப்பிய பிரிவில் 83 பேர், சீட்டு வாங்கிய பிரிவில் 95 பேர்.

காரணத்தை யோசித்தால் நமக்கு எளிதில் விளங்கும். நேற்று ஏற்ற சாப்பாடு இன்று ஏற்காத நோய் இது. பொட்டலம் கட்டுகிறவருக்கு அது தெரியாது. சீட்டு இருந்தால் இன்று பால், நாளை ரவை, மறுநாள் முட்டை என்று அவரவர் தேவைக்கு வாங்கிக்கொள்வார்கள். கால் கிலோவாகவும் நூறு கிராமாகவும் வாங்கலாம். அறையில் எலி, எறும்புக்குக் கொடுக்காமல் அன்றன்று எடுத்துக்கொள்ளலாம். வரிசையில் நின்று தானம் வாங்கும் கூச்சமும் இல்லை. மற்றவர்களைப் போல அவரும் கடைக்கு வந்து சாமான் வாங்கிப் போகும் வாடிக்கையாளர்.

அன்னதானம் பெரிய தர்மம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நாள், ஒரு வேளை. நோயாளிக்கு வேண்டியது ஆறு மாதம், தினம் ஆறு வேளை. அதைச் சமையற்காரரை வைத்துச் செய்ய முடியாது. மளிகைக் கடையை வைத்துத்தான் செய்ய முடியும்.

நாம் செய்யக்கூடிய ஏற்பாடு

சங்கக் கிளைகள் யோசிப்பதற்காக ஒரு முறையைச் சொல்கிறோம். பெரிய மருத்துவமனை உள்ள ஊர்களில் இதைச் சிறிய அளவில், பத்து நோயாளிகளோடு, தொடங்கிப் பார்க்கலாம்.

1. யாருக்கு உதவி என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரோ உணவு ஆலோசகரோ முடிவு செய்யட்டும். சீட்டையும் அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும்.

2. சீட்டில் நோயாளியின் பெயரோ நோயின் பெயரோ வேண்டாம். வரிசை எண், தொகை, மாதம், சங்க முத்திரை போதும். மாதத் தொகையை நான்காகப் பிரித்து வாரச் சீட்டாக்கினால் சாமான் வீணாகாது.

3. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள இரண்டு மூன்று சில்லறைக் கடைகள் சீட்டை ஏற்கட்டும். பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, எண்ணெய், கடலை, ரவை, கேழ்வரகு, வெல்லம், பழம் என்று எழுதிய பட்டியல் கடையில் இருக்கட்டும். அதற்குள் எதை வாங்குவது என்பது நோயாளி வீட்டாரின் விருப்பம்.

4. மாதக் கடைசியில் சில்லறைக் கடைக்காரர் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால், மொத்த வியாபாரிகள் அதே மதிப்புக்குக் கொள்முதல் விலையில் சரக்காகவோ பணமாகவோ ஈடு செய்யட்டும். சில்லறைக் கடைக்காரர் தலையில் பாரத்தைக் கட்டிவிட்டால் ஏற்பாடு மூன்று மாதம்கூட ஓடாது.

5. ஒருவருக்குத் தொடங்கினால் சிகிச்சை முடியும் வரை நிறுத்தக் கூடாது. நூறு பேருக்கு ஒரு மாதம் கொடுப்பதைவிடப் பத்துப் பேருக்குப் பத்து மாதம் கொடுப்பது பலன் தரும்.

6. படம் எடுப்பது, பத்திரிகைக்குக் கொடுப்பது, பேனர் கட்டுவது எதுவும் வேண்டாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோய் அல்ல. அதைத் தெரிந்தவர்களே ஒதுங்கிப் போகும் உலகத்தில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கையில் சில்லறை கொடுத்து "உட்காருங்கள் அண்ணாச்சி, போட்டுத் தருகிறோம்" என்று சொல்வதும் ஒரு சிகிச்சைதான்.

சரக்கின் தரம்

இந்தச் சீட்டுக்குக் கொடுக்கும் சரக்கு நம் கடையின் முதல் தரமாக இருக்க வேண்டும். தேதி முடியப் போகும் பாக்கெட், ஈரம் பட்ட மூட்டை, வண்டு விழுந்த பயறு ஆகியவற்றைத் தள்ளிவிட இது இடமல்ல. மருந்து ஏற்றிய சில நாட்களில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும். பொதுவாக ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் மிகவும் குறைந்திருக்கும். நமக்கு வயிற்றுக் கடுப்போடு போகிற கெட்ட சாமான், அந்த நாட்களில் அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். முட்டையை முழுதாக வேகவைக்கவும், பாலைக் காய்ச்சவும், பழத்தைக் கழுவித் தோல் நீக்கித் தரவும், வெளியில் நறுக்கி வைத்த பழத்தைத் தவிர்க்கவும் சொல்வது இதனால்தான்.

நிலக்கடலையில் இன்னும் கவனம் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்திருக்கிறார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். இது நோயாளிக்கு மட்டும் அல்ல, எல்லா வாடிக்கையாளருக்கும் பொருந்தும். மிஞ்சிய உணவைத் தானம் செய்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல் தனி விதிகளே வெளியிட்டிருக்கிறது. தானம் என்பதால் தரம் குறையலாம் என்று சட்டமும் சொல்லவில்லை, தர்மமும் சொல்லவில்லை.

கணக்கு வழக்கு

கணக்கைத் தெளிவாக வைத்துக்கொண்டால்தான் தர்மம் நீடிக்கும். சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்பிக் காட்ட வேண்டும். அரிசி, பருப்பு ஆகியவற்றுக்கு 25 கிலோ வரையிலான பெயரிட்ட பாக்கெட்டுக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். முட்டைக்கும் சாதாரணப் பாலுக்கும் வரி இல்லை. வருமான வரிச் சலுகையை நினைப்பவர்களுக்கு: பொருளாகக் கொடுத்ததற்குச் சலுகை இல்லை. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இல்லை. ஆகவே சங்கம் ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்து, உறுப்பினர்கள் பணமாகச் செலுத்தி, அதிலிருந்து கடைகளுக்கு முறையான பில்லுக்குப் பட்டுவாடா செய்வது சுத்தமான வழி. உங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

நம் மறு கையில் இருப்பது

கசப்பாக இருந்தாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்று முன்னிற்கிறது. புகையிலை மட்டுமன்றி, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004ல் உலக அளவில் அறிவித்தார்கள். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013ல் தடை போட்டார்கள். தடை இருந்தும் எந்த இடுக்கில் விற்கிறது என்பது நமக்குத் தெரியாதது அல்ல. ஒரு கையால் பாக்குப் பொட்டலத்தையும் மறு கையால் கஞ்சி மாவையும் நீட்டினால் நம் தர்மக் கணக்கு எப்போதும் பற்றில்தான் நிற்கும்.

மற்றொன்று, புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அச்சடித்து வரும் பொடிகளும் டானிக்குகளும். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரச் சட்டப்படி, புற்றுநோயைத் தீர்க்கும் என்று ஒரு பொருளை விளம்பரப்படுத்துவது குற்றம். ஏஜென்ட் எத்தனை சதவீத லாபம் சொன்னாலும் அந்தச் சரக்கு நம் அலமாரியில் ஏற வேண்டாம். அதற்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் ஒரு நோயாளி பல நாள் பாலும் முட்டையும் சாப்பிடுவார்.

மகமை நமக்குப் புதிதல்ல

அதே 1954ல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர் அந்த அம்மையார். பொதுமக்களிடம் கையேந்திச் சேர்த்த பணத்தில் எழுந்த நிறுவனம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021ல் மறையும் வரை டாக்டர் சாந்தா அம்மையாரும் அதை வளர்த்தார்கள். பன்னிரண்டு படுக்கையில் என்ன ஆகும் என்று அன்று நினைத்திருந்தால் இன்று அந்த இடம் இருக்காது.

மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் குளமும் கண்டவர்கள் நம் முன்னோர். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்கள் தென் மாவட்டங்களில் உண்டு. பருப்பு மூட்டைக்கு ஒரு ரூபாய், எண்ணெய் டின்னுக்கு ஐம்பது காசு என்று ஒரு கிளைச் சங்கம் எடுத்து வைத்தால், பத்து நோயாளிகளின் சீட்டுக்கு எத்தனை மூட்டை வியாபாரம் வேண்டும் என்பதை ஒவ்வொரு கிளையும் தன் விற்றுமுதலை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி கிளைத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை ஒவ்வொருவரும் தம் கடையின் சிட்டைகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். திடீரென்று பருப்பு குறைந்த வீடு ஏதாவது இருந்தால், ஏன் என்று பக்குவமாக விசாரித்து, இந்த மாதத்துப் பருப்பையாவது குறையாமல் போட்டு அனுப்புங்கள்.